விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு பழைய புரோகிராம் ஓடவில்லையா? அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனதால், இத்தனை நாள் 7-லும் 10-லும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் 11-க்கு வந்துகொண்டிருக்கின்றன. கூடவே வருகிறவைதான் தலைவலி: 2003 வாக்கில் யாரோ விபி6-ல் (விஷுவல் பேசிக் 6) எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம், டெல்ஃபி என்ற இன்னொரு மொழியில் எழுதிய லேப் ரிப்போர்ட், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஸ்டாக் லெட்ஜர், பழைய ஃபான்டில் தமிழ் அடிக்கிற ஏதோ ஒரு யூட்டிலிட்டி. எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது, சோர்ஸ் கோடு கிடையாது, ஆனால் கடையோ ஆஃபீஸோ அதை நம்பித்தான் நடக்கிறது.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான். ரைட் கிளிக் செய்து கம்பாட்டிபிலிட்டி மோடில் எக்ஸ்பி என்று போடு, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டரை டிக் செய்துவிடு. இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். கம்பாட்டிபிலிட்டி மோடு செய்வது என்னவென்றால், ‘இது எக்ஸ்பிதான்’ என்று புரோகிராமிடம் பொய் சொல்வது, அந்தக் காலத்து நடத்தை சிலவற்றை நடித்துக் காட்டுவது, அவ்வளவுதான். இல்லாத ஃபைலை அது கொண்டுவராது, 16 பிட் புரோகிராமை (டாஸ், விண்டோஸ் 3.1 காலத்துப் பழைய வகை) ஓடவைக்காது, டிரைவரை (பிரிண்டர், ஸ்கேனர் மாதிரிக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) ஏற்றாது. அட்மினிஸ்ட்ரேட்டர் விஷயம் இன்னும் மோசம், அது சில சமயம் இருக்கிற டேட்டாவையே மறைத்துவிடும். எப்படி என்று கீழே வருகிறது.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை. புரோகிராமின் டேட்டா ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாறுவதற்கு முன்பிருந்த விண்டோஸும் பழைய யூசர் ஃபோல்டர்களும் அதற்குள்தான் இருக்கும். 10 நாள் கழித்து விண்டோஸே அதை அழித்துவிடும் என்பதால் இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

‘இந்த ஆப் உங்கள் பிசியில் ஓடாது’ என்று நீலப் பெட்டி வருகிறது

பெரும்பாலும் இது 16 பிட் புரோகிராம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் ஓடும், 16 பிட் ஓடவே ஓடாது. விண்டோஸ் 10-ல் 32 பிட் பதிப்பு என்று ஒன்று இருந்தது, அதில் டாஸ் புரோகிராம் கூட ஓடியது. விண்டோஸ் 11 வெறும் 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. அதனால் 7-லும் 10-லும் 32 பிட்டாக இருந்த கம்ப்யூட்டரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இந்த அடி பலமாக விழுகிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு சின்ன வழி. அந்த எக்ஸ்இ ஃபைலை நோட்பேடில் திறங்கள். திரை முழுக்கக் குப்பை மாதிரிதான் தெரியும், கவலை வேண்டாம், சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். முதல் இரண்டு எழுத்து எம், இசட் என்று இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் கீழே, முதல் சில வரிகளுக்குள்ளேயே, பி, இ என்று இரண்டு பெரிய எழுத்து தனியாகத் தெரிந்தால் அது 32 அல்லது 64 பிட். அவற்றை அடுத்து ஆங்கில எல் வந்தால் 32, சின்ன டி வந்தால் 64. பி, இ இருக்கிற இடத்தில் என், இ என்று இருந்தால் அது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட். இரண்டுமே இல்லையென்றால் அநேகமாகச் சுத்தமான டாஸ் புரோகிராம்.

டாஸ் என்றால் டாஸ் புரோகிராமை விண்டோஸுக்குள் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற கருவி போதும், ஆனால் சாதாரண டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது, அதில் பிரிண்ட் வராது. கணக்குப் புரோகிராமுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் எடுங்கள். அது பிரிண்டை விண்டோஸ் பிரிண்டருக்கே அனுப்பும், ஒரே ஃபைலை இரண்டு பேர் திறக்கும்போது வரும் லாக் விவகாரத்தையும் ஓரளவு சமாளிக்கும். விண்டோஸ் 3.1 வகை என்றால் வைன்விடிஎம் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கிறது, பலதை அது ஓட்டிவிடும்.

இன்னொரு வகை உண்டு. புரோகிராம் 32 பிட், அதன் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட். 90-களின் கடைசியில் வந்த சிடிகளில் இது சகஜம். பழக்கமான இன்ஸ்டால்ஷீல்டு பதிப்புகள் சிலவற்றை விண்டோஸே அடையாளம் கண்டு தன்னிடமுள்ள 32 பிட் மாற்றைப் போட்டு ஓட்டும், மற்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. அப்போது சிடியோடு மல்லுக்கட்டாமல், பழைய கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வந்து எக்ஸ்இ-யை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் அதுவே பெயர் சொல்லிக் கேட்கும்.

புரோகிராம் நன்றாகத் திறக்கிறது, ஆனால் டேட்டா எல்லாம் காணோம்

அல்லது 2019 வரைக்கும் உள்ள பில் மட்டும் தெரிகிறது, அல்லது ஒரு யூசரில் தெரிவது இன்னொரு யூசரில் தெரியவில்லை. இதைப் பார்த்ததும் ஆட்கள் பதறிப்போய் ரீஇன்ஸ்டால் செய்கிறார்கள். செய்யாதீர்கள். டேட்டா அழியவில்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

எக்ஸ்பி காலம் வரைக்கும் புரோகிராம் தன் டேட்டாவை எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே, எழுதிக்கொள்ளும். விஸ்டா வந்தபோது அந்த ஃபோல்டரில் சாதாரண யூசர் எழுதக் கூடாது என்று பூட்டினார்கள். பூட்டினால் பழைய புரோகிராம் எல்லாம் செத்துவிடும் என்பதால் ஒரு தந்திரமும் சேர்த்தார்கள்: பழைய 32 பிட் புரோகிராம் அங்கே எழுத முயன்றால் ‘சரி, எழுதியாச்சு’ என்று சொல்லிவிட்டு, உண்மையில் அந்த யூசரின் ஃபோல்டருக்குள் வேறொரு மூலையில் எழுதிவைப்பது. அந்த மூலையின் பெயர் ‘வர்ச்சுவல்ஸ்டோர்’. உங்கள் யூசர் பெயருள்ள ஃபோல்டர், அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர், அதற்குள் புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனு போய் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் சொன்னால்தான் தெரியும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கடையில் 2010-லிருந்து ஒரே யூசரில் ஓட்டினார்கள், எல்லா பில்லும் அந்த யூசரின் வர்ச்சுவல்ஸ்டோரில் சேர்ந்தது. புது விண்டோஸில் புது யூசர், புது மெயில் ஐடி. புது யூசருக்கு வர்ச்சுவல்ஸ்டோர் காலி. எனவே புரோகிராம் உண்மையான புரோகிராம் ஃபைல்ஸில் கிடக்கும் ஃபைலைத் திறக்கிறது, அது இன்ஸ்டால் செய்த நாளில் வந்த காலி டேட்டாபேஸ். ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் போட்டாலும் இதேதான், ஏனென்றால் அட்மினாக ஓடும்போது இந்தத் தந்திரம் வேலை செய்யாது, நேராக உண்மையான ஃபோல்டருக்கே போகும். ஒரு நாள் டபுள் கிளிக், மறுநாள் அட்மின் என்று மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டு இடத்திலும் பாதிப் பாதி பில் சேரும். அதைப் பிறகு ஒட்டவைப்பது இருக்கிறதே, அது தனிக் கொடுமை.

சரிசெய்யும் விதம்: புரோகிராமை மூடுங்கள். இப்போதைய யூசரின் வர்ச்சுவல்ஸ்டோர், விண்டோஸ்.ஓல்டுக்குள் இருக்கும் பழைய யூசரின் வர்ச்சுவல்ஸ்டோர், உண்மையான புரோகிராம் ஃபைல்ஸ், மூன்றிலும் அந்த டேட்டா ஃபைலைத் தேடி அளவையும் கடைசியாக மாறிய தேதியையும் ஒப்பிடுங்கள். எது பெரியதோ, எது நேற்று வரைக்கும் மாறியதோ அதுதான் உங்கள் டேட்டா. பிறகு புரோகிராம் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டராக, ‘பில்லிங்’ என்றோ எதுவோ, வைத்து அந்த டேட்டா ஃபைலை அதற்குள் போடுங்கள். ஷார்ட்கட்டையும் மாற்றிவிடுங்கள். அங்கே சாதாரண யூசருக்கே எழுத அனுமதி உண்டு, இந்த மூலை விளையாட்டு இனி நடக்காது, அட்மின் டிக்கும் தேவையில்லை. புரோகிராம் தன் பாதையை ஐஎன்ஐ என்கிற செட்டிங்ஸ் ஃபைலிலோ விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலோ எழுதிவைத்திருந்தால் அதையும் திருத்த வேண்டும். ஐஎன்ஐ என்றால் நோட்பேடில் திறந்து பழைய பாதையைத் தேடினாலே போதும்.

அட்மினாக ஓட்டினால் மட்டும் வரும் வினோதங்கள்

எக்ஸ்ப்ளோரரில் இசட் டிரைவ் தெரிகிறது, புரோகிராம் மட்டும் ‘பாதை இல்லை’ என்கிறது. மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் உங்கள் சாதாரண லாகினுக்கு உரியது, அட்மினாக ஓடும் புரோகிராமுக்கு அது தெரியாது. எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஃபைலை இழுத்துப் போட்டால் ஏற்கவில்லை என்றால் அதற்கும் இதே காரணம். நம் ஆட்களுக்கு அடிக்கடி வருவது மூன்றாவது: தமிழ் கீபோர்டு யூட்டிலிட்டி நோட்பேடில் ஒழுங்காக அடிக்கிறது, பில்லிங் புரோகிராமுக்குள் போனதும் வெறும் ஆங்கிலம் விழுகிறது. சாதாரண உரிமையில் ஓடும் கீபோர்டு யூட்டிலிட்டி, அட்மின் உரிமையில் ஓடும் விண்டோவுக்குள் எழுத்தைத் தள்ள முடியாது, விண்டோஸ் விடாது. அட்மின் டிக்கை எடுத்தால் மூன்றும் சரியாகிவிடும். எடுக்கவே முடியாது என்றால் கீபோர்டு யூட்டிலிட்டியையும் அட்மினாக ஓட்டுங்கள், இல்லை விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99 அல்லது அஞ்சல் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை யூனிகோடில்தான் அடிக்கும், பழைய ஃபான்ட் புரோகிராமுக்கு உதவாது.

‘காம்பொனன்ட் சரியாக ரிஜிஸ்டர் ஆகவில்லை’ என்று ஒரு ஓசிஎக்ஸ் பெயரைச் சொல்கிறது

விபி6 புரோகிராம் என்று அர்த்தம். 1998-ல் வந்த விபி6-இன் அடிப்படை ரன்டைம் (புரோகிராம் ஓடத் தேவையான துணை ஃபைல்கள்) விண்டோஸ் 11-லும் கூடவே வருகிறது, அதைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் டேபிள், டூல்பார், காலண்டர், ஃபைல் திறக்கும் பெட்டி இவற்றுக்கான ஓசிஎக்ஸ் ஃபைல்கள் விண்டோஸோடு வருவதில்லை, புரோகிராமின் இன்ஸ்டாலர்தான் கொண்டுவர வேண்டும். ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்துக் கொண்டுவந்தவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

அது சொல்லும் பெயரிலேயே ஃபைலை பழைய கம்ப்யூட்டரிலிருந்தோ ஒரிஜினல் சிடியிலிருந்தோ எடுங்கள். ‘இலவச டிஎல்எல்’ (டிஎல்எல் என்பதும் புரோகிராமுக்கான துணை ஃபைல்தான்) என்று தரும் தளங்களிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பதிப்பும் பொருந்தாது, கூட என்ன வரும் என்றும் சொல்ல முடியாது. இனி எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். ஆம், பெயர் தலைகீழாகத்தான் இருக்கிறது. ஓசிஎக்ஸ் 32 பிட் என்பதால் சிஸ்வாவ்64-ல் போட்டு, கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, அதே ஃபோல்டருக்குள் போய், அங்கிருக்கும் ரெக்எஸ்விஆர்32 கட்டளையால் ரிஜிஸ்டர் செய்யுங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்த ஓசிஎக்ஸ் பெயரைச் சொல்லும். நாலைந்து வரைக்கும் இப்படியே போகலாம், பொறுமை வேண்டும். இந்த ஒரு இடத்தில் அட்மின் தேவைதான், புரோகிராமை ஓட்டுவதற்கு அல்ல.

டிஎல்எல் இல்லை என்கிறது, அல்லது 0 எக்ஸ் சி என்று தொடங்கும் நம்பர் வருகிறது

டிஎல்எல் பெயர் எம்எஸ்விசி என்று தொடங்கினால் விஷுவல் சி++ ரன்டைம். 2005, 2008, 2010, 2012, 2013 ஒவ்வொன்றும் தனித்தனி, 2015-லிருந்து வந்தவை எல்லாம் ஒரே பொட்டலம். மைக்ரோசாஃப்டிலிருந்தே எடுங்கள், 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் பழைய புரோகிராமுக்கு எக்ஸ்86 பதிப்பைத்தான் போட வேண்டும். இதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். நம்பர் சி0000135 என்று முடிந்தால் ஏதோ டிஎல்எல் கிடைக்கவில்லை. சி000007பி என்றால் 32 பிட் புரோகிராமுக்குப் பக்கத்தில் 64 பிட் டிஎல்எல்லைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், முன் பத்தியில் சொன்ன தலைகீழ்ப் பெயரின் கைங்கரியம்.

டாட்நெட் 3.5 (இதுவும் மைக்ரோசாஃப்டின் ஒரு ரன்டைம்) வேண்டும் என்று கேட்டால் கேட்கிற அந்தப் பெட்டியிலேயே ஓகே கொடுத்தால் நெட்டிலிருந்து இறங்கிவிடும். இறங்காமல் 081எஃப் என்று முடியும் பிழை வந்தால் விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக இருப்பது) டபுள் கிளிக் செய்து திறந்து, அதில் சோர்ஸஸ் என்பதற்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் காட்டி டிஸ்ம் கட்டளையால் ஏற்ற வேண்டும். ஐஎஸ்ஓ உங்கள் விண்டோஸின் அதே பதிப்பாக இருக்கட்டும்.

‘டைப் மிஸ்மேட்ச்’, அல்லது ரிப்போர்ட்டில் தேதிகள் கன்னாபின்னா

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், ஏனென்றால் புரோகிராம் நின்றுபோகாமல் தப்புக் கணக்கை எழுதிக்கொண்டே போகும். புது விண்டோஸ் போடும்போது ரீஜனைக் கவனிக்காமல் அமெரிக்க ஆங்கிலத்தில் விட்டுவிட்டால் மாதம் முன்னால், நாள் பின்னால் என்று ஆகிவிடும். விபி6 புரோகிராம் தேதியை விண்டோஸின் அமைப்பைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ளும்.

ஜூன் 5-ஆம் தேதி பில் போடுகிறீர்கள், 05/06 என்று அடிக்கிறீர்கள். அது மே 6 என்று பதிவாகும். ஜூன் 13 என்று 13/06 அடித்தால்? 13-வது மாதம் கிடையாதே, உடனே விபி தானாகவே புத்திசாலித்தனமாகத் திருப்பி ஜூன் 13 என்று எடுத்துக்கொள்ளும், பிழை எதுவும் சொல்லாது. ஆக ஒவ்வொரு மாதமும் 1 முதல் 12 வரைக்கும் உள்ள பில்கள் வேறு மாதங்களுக்குச் சிதறும் (அந்தந்த மாத எண்ணே தேதியாக வருகிற நாள் மட்டும் தப்பிக்கும்), 13-லிருந்து எல்லாம் சரி. மாதக் கடைசியில் மொத்தம் இடிக்கும்போதுதான் தெரியவரும். ஜிஎஸ்டி கணக்கு இதிலிருந்து போகிறது என்றால் சொல்லவே வேண்டாம்.

கண்ட்ரோல் பேனலில் ரீஜன் போய், இங்கிலீஷ் இந்தியா என்று வைத்து, அடிஷனல் செட்டிங்ஸில் ஷார்ட் டேட் வடிவத்தைப் பழைய கம்ப்யூட்டரில் எப்படி இருந்ததோ எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். நடுவில் கோடா சாய்கோடா, வருடம் இரண்டு இலக்கமா நான்கா என்பது வரைக்கும். சில புரோகிராம்கள் முதல் இரண்டு எழுத்து, அடுத்த இரண்டு எழுத்து என்று வெட்டித்தான் எடுக்கின்றன, அங்கே ஒரு எழுத்து நகர்ந்தாலே டைப் மிஸ்மேட்ச். இந்த அமைப்பு யூசருக்கு யூசர் தனி, எனவே இன்னொரு யூசரில் உட்காருபவருக்கும் மாற்றுங்கள். அதற்கு முன்பே தப்பாகப் பதிவானவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். அதனால்தான் புரோகிராம் திறந்துவிட்டது என்றதும் பில் போட ஆரம்பிக்காமல், 5-ஆம் தேதி மாதிரி ஒரு தேதியில் சோதனைப் பதிவு போட்டு ரிப்போர்ட்டில் எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள்.

தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாக, அல்லது கேள்விக்குறியாகத் தெரிகிறது

ஆங்கில எழுத்துக் கோர்வையாகத் தெரிந்தால் நல்ல செய்தி. பாமினி வகை ஃபான்டில் ‘தமிழ்’ என்ற சொல்லே உள்ளே ஆங்கிலக் குறிகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது, ஃபான்ட்தான் அதைத் தமிழாக வரைகிறது. ஃபான்ட் இல்லை, அதுதான் பிரச்சினை. இன்ஸ்டால் செய்த பிறகும் வரவில்லையா? விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து ஃபான்டை டபுள் கிளிக்கில் போட்டால் அந்த யூசருக்கு மட்டும்தான் போகும், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்கு வராது. எடுத்துவிட்டு, ஃபான்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள்.

கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரிந்தால் வேறு கதை. டிஸ்கி, டேப் போன்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகள் எழுத்துப் பட்டியலில் 128-க்கு மேலுள்ள இடங்களைப் பயன்படுத்துகின்றன. அவை சரியாகத் தெரிய யூனிகோடு அல்லாத புரோகிராம்களுக்கான மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். ‘தமிழ் புரோகிராம்தானே’ என்று அங்கே தமிழைத் தேர்வு செய்வது தப்பு, தமிழுக்கென்று விண்டோஸில் பழைய வகைக் குறியீட்டுப் பட்டியல் கிடையாது. ரீஜன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், சேஞ்ச் சிஸ்டம் லொகேல் என்று போனால் அதே பெட்டியில் யூடிஎஃப்-8 பீட்டா என்று ஒரு டிக் இருக்கும், அதுவும் இருக்கக் கூடாது. மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் எழுத்து திரும்பிவிடும். ஆனால் ஒன்று: கேள்விக்குறியாகத் தெரியும்போது எந்த ரெக்கார்டையும் சேவ் செய்யாதீர்கள். சேவ் செய்தால் உண்மையிலேயே கேள்விக்குறியாகவே பதிந்துவிடும், அதன் பிறகு எந்தக் கன்வர்ட்டராலும் மீட்க முடியாது.

டேட்டாபேஸ் திறக்கவில்லை

‘டேட்டா சோர்ஸ் நேம் கிடைக்கவில்லை’ என்றால் பழைய கம்ப்யூட்டரிலிருந்த ஓடிபிசி பதிவு (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைப்பது) புதிதில் இல்லை. ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தேடினால் 32 பிட், 64 பிட் என இரண்டு வரும். 32 பிட்டில் பழைய பெயரிலேயே உருவாக்குங்கள், 64-ல் செய்தால் புரோகிராமின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். டெல்ஃபி புரோகிராம் பிடிஇ (அது பயன்படுத்தும் டேட்டாபேஸ் இன்ஜின்) பற்றி ஏதாவது சொல்லி, பிடாக்ஸ்யூசர்ஸ் என்ற ஃபைலுக்கு அனுமதி இல்லை என்றால், அது சி டிரைவின் தலையில் அந்த ஃபைலை எழுதப் பார்க்கிறது. பிடிஇ அட்மினிஸ்ட்ரேட்டரை ஒரு தடவை அட்மினாகத் திறந்து பாரடாக்ஸ் டிரைவரில் நெட் டிர் என்பதை வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஒரே டேட்டாவை நாலு கம்ப்யூட்டர் பயன்படுத்தினால் நாலிலும் அது ஒரே இடத்தைக் காட்ட வேண்டும்.

சர்வர் பழைய எக்ஸ்பியாகவோ பழைய நாஸ் பெட்டியாகவோ (நெட்வொர்க்கில் மாட்டிய பொது டிஸ்க்) இருந்து, ஷேரே திறக்கவில்லையென்றால் பெரும்பாலும் எஸ்எம்பி1 என்ற பழைய ஷேரிங் முறை இல்லாததுதான் காரணம். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அதைத் திரும்ப ஆன் செய்ய முடியும், ஆனால் 2017-ல் வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியதே அந்த வழியில்தான். டேட்டாவைப் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து அங்கிருந்து ஷேர் செய்துவிடுங்கள், அதுதான் புத்தி.

டாங்கிள் (லைசன்ஸுக்காகச் செருகும் சின்னக் கருவி) தெரியவில்லை, ஸ்கேனர் தெரியவில்லை

புரோகிராம் 32 பிட்டாக இருக்கலாம், டிரைவர் 64 பிட்டாகவே இருக்க வேண்டும், டிஜிட்டல் கையெழுத்திடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சமாதானத்துக்கு இடமில்லை. ஹாஸ்ப் வகை டாங்கிள் என்றால் சென்டினல் என்ற பெயரில் புது டிரைவர் கிடைக்கிறது, பழைய டாங்கிள்கள் பலவற்றை அது படிக்கும். பேரலல் போர்ட் டாங்கிளுக்கு யூஎஸ்பி மாற்றுக் கேபிள் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், அந்தக் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான். பிசிஐ பேரலல் கார்டு வேலை செய்ய வாய்ப்பு உண்டு. டிரைவர் இருந்தும் ஏறவில்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போய் மெமரி இன்டெக்ரிட்டியைப் பாருங்கள், அது தடுக்கும் டிரைவர்களைப் பட்டியலாகவே காட்டும். அதை அணைப்பதா, புரோகிராமை விடுவதா என்பது உங்கள் முடிவு. பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டராக இருந்தால் நான் அணைக்க மாட்டேன்.

எழுத்து மங்கலாக, அல்லது கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாக

எக்ஸ்இ-யின் பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ், ஓவர்ரைடு டிக், ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’. கம்பாட்டிபிலிட்டி டேப் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

ஹெல்ப் மெனுவை அழுத்தினால் ஒன்றும் வரவில்லையா, எச்எல்பி ஃபைல் என்றால் அதைத் திறக்கும் வின்ஹெல்ப் விண்டோஸ் 10-லிருந்தே கிடையாது. சிஎச்எம் ஃபைல் திறந்து வலது பக்கம் வெள்ளையாக இருந்தால் பிராப்பர்ட்டீஸில் ‘அன்பிளாக்’ டிக் செய்யுங்கள்.

வைத்த எக்ஸ்இ-யே காணாமல் போகிறது

டிஃபெண்டர் எடுத்திருக்கும். புரொடக்‌ஷன் ஹிஸ்டரியில் பெயரோடு இருக்கும், அங்கிருந்தே திரும்ப எடுக்கலாம். பாஸ்வேர்டு மீட்கும் யூட்டிலிட்டி, சீரியல் நம்பர் பார்க்கும் யூட்டிலிட்டி எல்லாம் நல்லவையாக இருந்தாலும் அடிக்கடி மாட்டும். கிராக் செய்த பில்லிங் புரோகிராமும் மாட்டும், அதில் டிஃபெண்டர் பக்கம்தான் நியாயம். புதிதாகச் சுத்தமாகப் போட்ட விண்டோஸ் 11-ல் ஸ்மார்ட் ஆப் கண்ட்ரோல் என்று ஒன்று ஆன் ஆகியிருந்தால் டிஜிட்டல் கையெழுத்தில்லாத, அதற்கு அறிமுகமில்லாத பழைய புரோகிராமைத் தடுத்துவிடும், ஒரு ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுக்க அதில் வழி இல்லை.

சில யூட்டிலிட்டிகளை ஓடவைக்க முயலவே வேண்டாம். எக்ஸ்பி காலத்து ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிஃப்ராக், பார்ட்டிஷன் மாற்றும் கருவி, டிஸ்க் ரிப்பேர் கருவி. அவை ஓடாமல் இருப்பது உங்களுக்கு லாபம். எஸ்எஸ்டியும் ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையும் அறியாத கருவியிடம் டிஸ்கைக் கொடுத்தால் போவது புரோகிராம் அல்ல, மொத்த டிஸ்க்.

எந்தச் செய்தியும் இல்லாமல் வந்ததும் மறைந்துவிடுகிறது

முதலில் ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன். சிவப்பு வரியில் எந்த ஃபைலில் விழுந்தது என்று இருக்கும். அதிலும் பிடிபடவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் பிராசஸ் மானிட்டரை இறக்குங்கள். ஃபில்டரில் உங்கள் எக்ஸ்இ பெயரை மட்டும் வைத்து புரோகிராமை ஓட்டி, அது விழுந்ததும் பதிவை நிறுத்திக் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு வாருங்கள். ‘ஆக்சஸ் டினைடு’ என்ற வரி வந்தால் அனுமதிப் பிரச்சினை, அந்த வரியிலேயே எந்த ஃபோல்டர் என்று இருக்கும். ‘நேம் நாட் ஃபவுண்ட்’ நூற்றுக்கணக்கில் வரும், பயப்பட வேண்டாம், ஒரு டிஎல்எல்லைப் பல ஃபோல்டரில் தேடுவது சாதாரணம். ஒரே பெயரைக் கடைசி வரை தேடியும் எங்கேயும் ‘சக்சஸ்’ வராமல் புரோகிராம் முடிந்துபோயிருந்தால் அதுதான் ஆள்.

இவ்வளவுக்குப் பிறகும் படியவில்லையென்றால் இப்போது கம்பாட்டிபிலிட்டி மோடைப் போட்டுப் பாருங்கள், எக்ஸ்பி எஸ்பி3, பிறகு விண்டோஸ் 7 என்று ஒவ்வொன்றாக. அதுவும் ஆகாது என்றால் வர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கும் கருவி) பழைய விண்டோஸையே போட்டு அதற்குள் ஓட்டுவதுதான் மிச்சம். லைசன்ஸ் கீ உங்களிடம் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள், டேட்டாவை ஷேர்டு ஃபோல்டர் வழியாக தினமும் வெளியே காப்பி எடுக்கப் பழகுங்கள். யூஎஸ்பி டாங்கிள், பிரிண்டர் இரண்டையும் அதற்குள் காட்ட முடியும். எல்லாம் ஒழுங்காக ஓடியதும் அந்த மெஷினை அணைத்துவிட்டு அதன் ஃபோல்டரை மொத்தமாக ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுத்து வையுங்கள். அடுத்த கம்ப்யூட்டர் மாற்றும்போது அங்கே வர்ச்சுவல்பாக்ஸை மட்டும் இன்ஸ்டால் செய்து அந்த ஃபோல்டரைத் திறந்தால் போதும்.